அண்ணன் எங்கே என்று கேட்கும் படிவம்: கனடா ஸ்பொன்சரும் போரின் மிச்சங்களும்

கணவனையோ மனைவியையோ கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்வதற்கான படிவங்களில் ஐ.எம்.எம். 5406 என்று ஒன்று உண்டு. பார்வைக்கு மிகவும் சாதாரணமானது. தாய், தகப்பன், பிள்ளைகள், சகோதரர்கள் ஆகியோரின் பெயர், பிறந்த திகதி, பிறந்த நாடு, திருமண நிலை, தொழில், தற்போதைய முகவரி, அவ்வளவுதான். இறந்தவராயின் எந்த ஊரில், எந்தத் திகதியில் இறந்தார் என்று எழுதவேண்டும். உயிரோடு இருந்தால் முகவரி, இல்லாவிட்டால் திகதி.

2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட மகனுக்கு முகவரி ஏது? இறந்த திகதி ஏது? 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், மரணச் சான்றிதழ் எங்களுக்கு வேண்டாம் என்று இத்தனை வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் வழங்குவதற்காக 2010இல் தனிச்சட்டமே கொண்டுவரப்பட்டது. 2016இல் அது திருத்தப்பட்டு, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதை மாத்திரம் உறுதிப்படுத்தும் சான்றிதழும் அறிமுகமானது. இரண்டையும் வாங்க மறுத்த தாய்மார் பலர். அப்படி மறுத்த ஒரு தாயின் மகளுக்குக் கனடாப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் சர்வசாதாரணமாகச் சொல்வார்: "செத்திட்டார் எண்டு போடுங்கோ தங்கச்சி. மே 17 எண்டு போட்டால் காணும்." இல்லாவிட்டால் இன்னும் சுலபமான வழி: "அவற்ற பேரையே விடுங்கோ. அது தேவையில்லாத பிரச்சினை."

இலங்கை அரசாங்கம் இத்தனை வருடங்களாகக் கேட்டும் அந்தத் தாய் எழுதிக்கொடுக்காத ஒரு வசனத்தை, மகளின் விசாவுக்காக ஒரு பின்னேரத்தில் எழுதிவிடுகிறோம்.

வாழ்க்கைத்துணை ஸ்பொன்சர் குறித்து நம்மவர் மத்தியில் நடக்கும் பேச்சுகள் பெரும்பாலும் எவ்வளவு காலம் எடுக்கும், எவ்வளவு காசு செல்லும் என்பவற்றோடு முடிந்துவிடுகின்றன. அவை முக்கியமானவைதான். ஆனால் வடக்கு கிழக்கிலிருந்து போகும் விண்ணப்பங்களில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இடைவெளி இல்லாத, கடதாசிகளால் நிரூபிக்கக்கூடிய ஒரு வாழ்க்கை எல்லோருக்கும் இருக்கிறது என்று நினைத்துத் தயாரிக்கப்பட்ட படிவங்கள் இவை. நமக்கோ இடப்பெயர்வு, தடுப்பு முகாம், எரிந்துபோன சான்றிதழ்கள், சொல்லமுடியாத சில வருடங்கள் என்றுதான் வாழ்க்கை அமைந்தது. அந்த இடைவெளிகளால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதைவிட, அவற்றை மறைக்க எழுதப்படும் பொய்யால் நிராகரிக்கப்படும் ஆபத்தே பெரிது.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்பொன்சர் செய்பவர் கனேடியப் பிரஜையாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்கவேண்டும். அவர் ஒப்பமிடுவது ஐ.எம்.எம். 1344. உறவு பற்றிய விபரங்களை இருவரும் சேர்ந்து சொல்வது 5532. வரப்போகும் துணைக்கு 0008, பின்னணி பற்றிய 5669, குடும்ப விபரத்துக்கான 5406. துணையை அழைப்பதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை கிடையாது. ஆனால் ஸ்பொன்சர் செய்பவர் இயலாமை தவிர்ந்த வேறு காரணத்துக்காக வெல்ஃபெயர் எடுப்பவராக இருக்கக்கூடாது. 2024 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட கட்டண விகிதப்படி மொத்தம் 1,205 கனேடிய டொலர், கைரேகைக்கு மேலும் 85. கியூபெக்கில் வசிப்பவர்களுக்கு மாகாண அரசின் தனி நடைமுறை உண்டு; அங்கே 2024 ஜூன் முதல் ஏற்கும் விண்ணப்பங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். மொன்றியல் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்த தலையிடிதான்.

12 மாதம் என்பது கனேடியக் குடிவரவுத் திணைக்களம் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. அது வாக்குறுதி அல்ல. 2024 அக்டோபரில் ஒட்டாவா வெளியிட்ட திட்டம் நிரந்தரக் குடிவரவாளர்களின் மொத்த எண்ணிக்கையை 2025க்கு 395,000 ஆகவும் 2027க்கு 365,000 ஆகவும் குறைத்தது. துணைவர், பிள்ளைகள் பிரிவுக்கும் 2024இல் இருந்த 82,000 என்ற இலக்கு 2025க்கு 70,000 ஆக வெட்டப்பட்டது. வீடு, வைத்தியசாலை, வேலை எல்லாவற்றுக்கும் குடிவரவாளரைக் காரணம் காட்டும் அரசியல் அங்கே வலுத்துவிட்ட காலம் இது. இடம் சுருங்கும்போது வரிசை நீளும். அத்தோடு வன்னியில் பிறந்தவர்களின் கோப்புகள் பாதுகாப்புச் சோதனைக்கென்று வேறு மேசைகளுக்கும் போய்வரலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பது மாதத்தில் வந்தது, எங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுப் பயனில்லை.

இனி விடயத்துக்கு வருவோம். ஸ்பொன்சர் படிவத்தை நிரப்பும்போது பலர் மறந்துவிடுவது, அங்கே ஏற்கனவே ஒரு கோப்பு இருக்கிறது என்பதை. கணவர் பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன் அகதி அந்தஸ்துக் கோரியபோது கொடுத்த வாக்குமூலம் அது. சிலர் 2009இல் ஓஷன் லேடியிலும் 2010இல் சன் சீயிலும் போய் இறங்கியவர்கள்; அந்தக் கப்பல்களில் வந்த 76 பேரும் 492 பேரும் எவ்வளவு கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது என்பது ஊரறிந்தது. வேறு சிலர் அமெரிக்க எல்லையால் போனவர்கள். அன்று முகவர் சொல்லிக்கொடுத்தபடி வயதைக் குறைத்தோ, ஊரை மாற்றியோ, கலியாணம் ஆகவில்லை என்றோ சொல்லியிருக்கலாம். இன்று மனைவியின் படிவம் அதே அலுவலர்களிடம்தான் போகிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும்.

இதில் மிகக் கொடூரமானது குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117ஆம் பிரிவில் இருக்கும் ஒரு சிறு பந்தி. ஒருவர் நிரந்தர வதிவிட உரிமை பெறும்போது தனக்கு மனைவியோ பிள்ளையோ இருப்பதைச் சொல்லாமல் விட்டு, அவர்கள் அந்த வேளையில் பரிசோதிக்கப்படாமல் போயிருந்தால், பின்னர் அவர்களைக் குடும்பப் பிரிவில் ஸ்பொன்சர் செய்யமுடியாது. காலவரையறை கிடையாது. வன்னியில் இது எப்படி நடந்தது என்பது நமக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து 2007, 2008இல் அவசர அவசரமாகத் தாலி கட்டி வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர். பதிவாளரும் இல்லை, எழுத்தும் இல்லை. சில இடங்களில் கோவிலடியில் ஒரு மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். இடப்பெயர்வில் இருவரும் பிரிந்தார்கள். அவர் எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தார். கடதாசி இல்லாத கலியாணம்தானே என்று 'திருமணமாகாதவர்' என்று எழுதினார். ஆனால் இந்து முறைப்படி நடந்த திருமணம் பதியப்படாவிட்டாலும் இலங்கைச் சட்டத்தின் முன் செல்லுபடியாகலாம். அப்படியானால் அவர் எழுதியது பிழை.

இந்தப் பிழையைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு. நம்மவர்களில் பலர் தேர்ந்தெடுப்பது மூன்றாவதை. ஒரு வழி, 2019 செப்டெம்பரில் கனடா கொண்டுவந்த ஒரு தற்காலிகக் கொள்கை. அகதியாக ஏற்கப்பட்டு வதிவிட உரிமை பெற்றவர்களும் குடும்பப் பிரிவில் வந்தவர்களும், முன்பு சொல்லாமல் விட்ட துணையை அல்லது பிள்ளையை ஸ்பொன்சர் செய்ய அது இடமளித்தது. சொல்லியிருந்தாலும் தன் தகுதி பறிபோயிருக்காது என்று காட்டவேண்டும். இந்தக் கொள்கை பின்னர் நீடிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். மற்றது, மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கேட்பது. இரண்டிலும் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். மூன்றாவது வழியோ, பழைய கலியாணமே நடக்கவில்லை என்று வைத்து, 2023இல் முகநூலில் சந்தித்துக் காதலித்ததாகப் புதுக்கதை எழுதுவது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வீட்டில் ஓடித்திரியும்போது அந்தக் கதை எத்தனை நாளைக்கு நிற்கும்?

அதனால் படிவத்தைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கனடாவில் வதிவிட உரிமை உள்ள எவரும், தன்னைப்பற்றி அரசாங்கம் வைத்திருக்கும் கோப்பின் பிரதியைத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கட்டணம் இன்றியே கேட்டுப் பெறலாம். தான் அன்று என்ன சொன்னேன் என்பதை மறந்துபோனவர்களுக்கு அந்தப் பிரதி அத்தியாவசியம். இதைச் செய்யாமல் ஞாபகத்திலிருந்து எழுதுவது இருட்டில் கிணற்றடியில் நடப்பது போன்றது.

திருமணம் எங்கே நடந்தது என்ற கேள்வியும் இலேசானதல்ல. அகதியாக ஏற்கப்பட்டவர், இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு ஊருக்கு வந்து கலியாணம் செய்துவிட்டுப் போனால், 'நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடிக்கொண்டார்' என்று அகதி அந்தஸ்தை நிறுத்துவதற்கு விண்ணப்பிக்கப்படலாம். 2012 டிசம்பரிலிருந்து அப்படி நிறுத்தப்பட்டால் வதிவிட உரிமையும் சேர்ந்தே பறிபோகும். நல்லூரில் தாலி கட்டவேண்டும் என்ற தாயின் ஆசைக்காக வந்து போனவர், மனைவியை அழைக்கப் போய்த் தன் இருப்பையே இழக்கும் நிலை ஏற்படலாம். பிரஜாவுரிமை எடுத்துவிட்டவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. எடுக்காதவர்கள் பொறுத்திருந்து எடுத்துவிட்டு வருவதே புத்தி. அல்லது மூன்றாம் நாடு ஒன்றில் செய்வது. திருச்சி மண்டபங்களிலும் சென்னைக் கோவில்களிலும் மலேசியாவிலும் நடக்கும் ஈழத்துக் கலியாணங்களின் பின்னணி இதுதான்.

அங்கே அடுத்த சிக்கல் தொடங்குகிறது. 5532ஆம் படிவம் கேட்கிறது: முதன்முதலில் நேரில் சந்தித்தது எப்போது? நிச்சயதார்த்தம் நடந்ததா? திருமணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? இரு பக்கத்துக் குடும்பத்தாரும் வந்தார்களா? தேனிலவு போனீர்களா? கேள்விகளை எழுதியவர்கள் மனதில் ஒரு கலியாணம் இருக்கிறது. நம்முடைய கலியாணம் அதற்குள் அடங்காது. சாதகம் பொருந்தியதும் பேச்சுக்கால் முடிவது, நேரில் காணாமல் வைபரில் ஆறு மாதம் கதைப்பது, முதலில் எழுத்து, பிறகு ஒரு வருடம் கழித்துத் தாலிகட்டு, மாப்பிள்ளையின் தாய்க்கு விசா கிடைக்காமல் திருச்சிக் கலியாணத்துக்குப் பத்துப் பேர் மட்டும் வருவது, தேனிலவு என்ற பேச்சே இல்லாமல் மாப்பிள்ளை லீவு முடிந்து பறப்பது. இவை எல்லாம் நமக்கு இயல்பு. ஆனால் பிள்ளையைப் பார்க்காமல் கலியாணம் பேசுவது எப்படி என்று தெரியாத அதிகாரிக்கு ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறி.

2010 செப்டெம்பரில் விதி மாறியதையும் சொல்லவேண்டும். அதற்கு முன், உறவு உண்மையானதல்ல என்பதும் குடிவரவுக்காகவே செய்யப்பட்டது என்பதும் இரண்டும் சேர்ந்திருந்தால்தான் நிராகரிக்கலாம். இப்போது இரண்டில் ஒன்று போதும். ஊருக்கே தெரிந்த உண்மையான கலியாணம்கூட, பிரதான நோக்கம் கனடா வருவதுதான் என்று அதிகாரி நினைத்தால் விழுந்துவிடும். இந்த இடத்தில் விளக்கம் கொடுப்பது விண்ணப்பதாரியின் வேலை. ஏன் இலங்கையில் செய்யவில்லை, ஏன் தகப்பன் வரவில்லை, ஏன் எழுத்தும் தாலிகட்டும் வேறு வேறு வருடத்தில் என்று ஒரு பக்கத்தில் எழுதி இணைத்தால் முடிந்தது. அதற்குப் பதிலாக நாம் செய்வது, ஹோட்டலில் கட்டிப்பிடித்து எடுத்த படங்கள் நூறை அனுப்புவது. தாலி கட்டிய மறுநாள் நுவரெலியாவில் நின்று கமராவுக்காகச் சிரிக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால், உண்மையான தம்பதியும் நடிக்கிறவர்கள் போலத்தான் தெரிவார்கள். அதைவிட, வவுனியாவில் சுகமில்லாத மாமிக்கு மருந்து வாங்கக் காசு அனுப்பிய துண்டுகளுக்குப் பெறுமதி அதிகம்.

இன்னொன்று: ஒருவர் ரொறன்ரோவிலும் மற்றவர் யாழ்ப்பாணத்திலும் இருக்க, ஸூமில் நடக்கும் திருமணத்தைக் கனடா ஏற்பதில்லை. 2015 ஜூனிலிருந்து, இராணுவச் சேவையில் இருப்பவர்களுக்கான சிறு விலக்கைத் தவிர, இருவரும் நேரில் ஓரிடத்தில் நின்றிருக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் கனதியானது 5669. கடந்த பத்து வருடங்களில் அல்லது பதினெட்டு வயதிலிருந்து, இரண்டில் எது அண்மையதோ அதிலிருந்து, மாதம் மாதமாக என்ன செய்தீர்கள், எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறது. இடைவெளி விடக்கூடாது. போர் முடிந்து பதினைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டதால், இன்று விண்ணப்பிக்கும் பலருக்கு இந்தப் பட்டியல் முள்ளிவாய்க்காலையோ மெனிக் பாமையோ தொடாது. இது பலருக்குத் தெரியாத ஒரு நிம்மதி. வேலை இல்லாமல் வீட்டில் இருந்த காலத்தை 'வேலையில்லை, வீட்டில்' என்று எழுதினால் போதும். அதற்காக இல்லாத கடையில் கணக்காளராக வேலை பார்த்தேன் என்று கடிதம் வாங்கத் தேவையில்லை. பட்டியலில் மறைக்கப்படுவது பெரும்பாலும் வேறு: மலேசியாவில் ஏஜென்சிக்காரரோடு காத்திருந்த எட்டு மாதம், தமிழ்நாட்டு முகாமில் இருந்த காலம், கடலில் பிடிபட்டுத் திரும்பிய அவுஸ்திரேலியப் பயணம், நிராகரிக்கப்பட்ட லண்டன் மாணவர் விசா. இவற்றைப் படிவம் நேரடியாகவே கேட்கிறது. எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா, அகதிக் கோரிக்கை வைத்தீர்களா என்று. கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் கைரேகைத் தகவலைத் தமக்குள் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டில் இருப்பவை. விசா மறுக்கப்பட்டது குற்றமல்ல. மறுக்கப்படவில்லை என்று எழுதுவதுதான் அகப்படும்.

காலவரையறை இல்லாத கேள்விகள் தனியாக இருக்கின்றன. பதினெட்டு வயதிலிருந்து எந்த அமைப்புகளில் உறுப்பினராக இருந்தீர்கள், எவற்றோடு தொடர்பிருந்தது? இராணுவத்திலோ துணைப்படையிலோ சேவை செய்தீர்களா? எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா? அரசியல் நோக்கத்துக்காக ஆயுதப் போராட்டத்தைப் பயன்படுத்திய ஒரு குழுவோடு தொடர்பு வைத்திருந்தீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

2006க்கும் 2009க்கும் இடையில் கிளிநொச்சியில் வாழ்ந்த ஒருவர் இதற்கு என்ன எழுதுவது? பொலிஸ் விடுதலைப் புலிகளுடையது, நீதிமன்றம் அவர்களுடையது, காசு போட்ட வைப்பகம் அவர்களுடையது. பதுங்குகுழி வெட்டப் போகாவிட்டால் பாஸ் கிடையாது. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு வந்து கொடியேற்றியவரும் அவர்கள்தான். அந்த நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்ததையே 'தொடர்பு' என்று எடுத்தால், வன்னியில் மூச்சுவிட்ட ஒவ்வொருவரும் 'ஆம்' என்று எழுதவேண்டும். 2022 மே மாதம் கனேடிய நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவுநாளாக ஒருமனதாக ஏற்றது. அந்தப் படுகொலையில் உயிர்தப்பிய ஒருத்தியிடம் அதே நாட்டின் படிவம், நீ அவர்களோடு நின்றாயா என்று கேட்கிறது. இதில் உள்ள முரணை நாடாளுமன்ற உறுப்பினர்கள் எவரும் குடிவரவுச் சட்டத்தோடு சேர்த்து வாசித்ததாகத் தெரியவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் சொல்லவேண்டும். விடுதலைப் புலிகள் கனடாவில் 2006 ஏப்ரலில் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிடப்பட்டார்கள். குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, அத்தகைய அமைப்பில் உறுப்பினராக இருந்தார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே ஒருவர் நாட்டுக்குள் வரத் தகுதியற்றவர். குற்றம் செய்திருக்கவேண்டியதில்லை. 'உறுப்பினர்' என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் கொள்ளவேண்டும் என்று பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் சொன்னது. அதே தீர்ப்பு, சிறுவராக இருந்தவருக்கு அந்த வேளையில் இருந்த அறிவும் விளக்கமும், வற்புறுத்தல் இருந்ததா என்பதும் கவனிக்கப்படவேண்டியவை என்றும் ஏற்றது. ஆக, பிடித்துக்கொண்டு போகப்பட்ட பதினாறு வயதுப் பிள்ளையும் தானாகப் போய் ஐந்து வருடம் இருந்தவரும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. ஆனால் இருவரும் தாங்களாகப் படிவம் நிரப்பக்கூடாதவர்கள். இந்தப் பிரிவின் கீழ் மறுக்கப்பட்டால் ஸ்பொன்சர் செய்தவருக்கு மேன்முறையீடு இல்லை, மனிதாபிமான விலக்கும் இல்லை. அமைச்சரிடம் விலக்குக் கேட்கும் ஒரு வழி இருக்கிறது. அதற்கு வருடங்கள் செல்லும்.

புனர்வாழ்வு முகாமில் இருந்தவர்களிடம் பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு: அது சிறை அல்ல, வழக்கும் இல்லை, ஆகவே எழுதத் தேவையில்லை என்று. விருப்பப்படி வெளியே போக முடியாத இடத்தில் வைத்திருந்தால் அது தடுத்துவைப்புத்தான். இலங்கைப் பொலிஸ் நற்சான்றிதழ் சுத்தமாக வந்துவிட்டது என்பதால் கேள்வி மறைந்துவிடாது. இப்படிப்பட்டவர்கள் காசு செலவானாலும் கனடாவில் அகதி, பாதுகாப்பு வழக்குகளில் அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம், விண்ணப்பம் போடுவதற்கு முன், எல்லாவற்றையும் சொல்லி ஆலோசனை பெறவேண்டும். போட்ட பிறகு போவதில் பாதிப் பயன்தான்.

பொய் சொன்னால் என்ன நடக்கும் என்பது 40ஆம் பிரிவு. முக்கியமான உண்மையை மறைத்தாலோ திரித்தாலோ ஐந்து வருடத்துக்குத் தடை. 2014 நவம்பருக்கு முன் இது இரண்டு வருடமாக இருந்தது. அந்த ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. முப்பத்து நான்கு வயதில் கலியாணம் முடித்த பெண்ணுக்கு ஐந்து வருடம் என்றால் என்ன என்று படிவம் நிரப்பிக் கொடுத்தவர் யோசிப்பதில்லை. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் முடிவெடுக்கு முன் பதில் சொல்ல வாய்ப்பளித்துக் கடிதம் வரும். அது முகவரின் மின்னஞ்சலுக்குப் போய், முகவர் பார்க்காமல் விட்டு, காலம் கடந்துவிடுவது ஒரு தனிச் சோகம். துணைவர் விடயத்தில் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: 40ஆம் பிரிவில் மறுக்கப்பட்டாலும், ஸ்பொன்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உறவு உண்மையானதல்ல என்று மறுத்தாலும் அதே 30 நாள். அங்கே கணவன், மனைவி இருவரும் வாய்விட்டுச் சாட்சி சொல்லலாம். கடிதம் வந்த அதிர்ச்சியில் ஒரு மாதத்தைக் கடத்திவிட்டுப் புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடுகிறவர்கள் அந்தக் கதவைத் தாங்களே சாத்துகிறார்கள்.

ஏஜென்சிகளைத் திட்டி எழுதுவது எனக்கும் சுலபம். ஆனால் ஆங்கிலத்தில் இருபது பக்கம் கேட்கும் அரசாங்கம், கடைத்தெருவில் படிவம் நிரப்பும் கடைகளை உருவாக்காமல் விடுமா? அவர்களில் நேர்மையாகத் தட்டச்சுச் செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சட்டம் சொல்வது இதுதான்: காசு வாங்கிக்கொண்டு கனேடியக் குடிவரவு விடயத்தில் ஆலோசனை சொல்லவோ பிரதிநிதியாக நிற்கவோ முடிந்தவர்கள் கனடாவின் சட்டத்தரணிகள், ஒன்ராறியோவின் அனுமதி பெற்ற சட்ட உதவியாளர்கள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள், கியூபெக்கின் நொத்தாரிசுகள் மாத்திரம். அவர்கள் 5476ஆம் படிவத்தில் தங்கள் பெயரைப் போடுவார்கள். பெயரைப் போட மறுப்பவர், தான் சொல்லிக்கொடுக்கும் பொய்க்குப் பொறுப்பேற்கத் தயாரில்லை என்று பொருள். ஒப்பம் உங்களுடையது, தடையும் உங்களுடையது. குறைந்தபட்சம், இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் உங்கள் கையில் இருக்கட்டும். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

வருகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. 1344இல் கணவர் ஒப்பமிடுவதன் பொருள், நீங்கள் வதிவிட உரிமை பெற்ற நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு உங்கள் அடிப்படைத் தேவைகளுக்கு அவர் பொறுப்பு என்பது. நீங்கள் வெல்ஃபெயர் எடுத்தால் அரசாங்கம் அவரிடம் அறவிடும். பிரிந்தாலும் அந்தப் பொறுப்புத் தொடரும். அது அவருக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான கடப்பாடு. அது உங்களை அவருக்கு எழுதிக்கொடுக்கும் உறுதி அல்ல. 2012 முதல் 2017 வரை, இரண்டு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் உரிமை பறிபோகும் என்ற விதி சில தம்பதியருக்கு இருந்தது. அது நீக்கப்பட்டுவிட்டது. 'ஸ்பொன்சரை வெட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன்' என்ற மிரட்டல் இன்னமும் ஸ்காபரோ வீடுகளின் அடித்தளங்களில் கேட்கிறது. நீங்கள் வந்து இறங்கி வதிவிட உரிமை பெற்ற பிறகு அவரால் அதை மீளப்பெற முடியாது. இறங்குவதற்கு முன் முடியும் என்பதும் உண்மை. அந்தக் காத்திருப்புக் காலத்தில் சீதனம் பற்றிய பேச்சுத் திரும்பவும் வருமானால், அது எதற்காக வருகிறது என்பதை வீட்டார் விளங்கிக்கொள்ளவேண்டும்.

திரும்பவும் அண்ணனிடம் வருவோம். 5406இல் அவர் பெயரை விடக்கூடாது. விட்டால் ஒரு சகோதரரை மறைத்ததாக ஆகும். இறந்தார் என்று எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று ஒப்பமிடுவதுதான் பிழை. பெயர், பிறந்த திகதி, பிறந்த நாடு ஆகியவற்றை மற்றவர்களுக்குப் போலவே எழுதலாம். முகவரி கேட்கும் இடத்தில் 'காணாமற்போனவர், விபரம் இணைப்பில்' என்று எழுதி, தனித்தாளில் எப்போது, எந்த இடத்தில், யார் முன்னிலையில் கடைசியாகக் காணப்பட்டார் என்பதை நாலு வரியில் சொல்லலாம். செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, மனித உரிமை ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாடு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கடிதம் என்று அம்மாவின் பெட்டிக்குள் எது இருக்கிறதோ அதன் பிரதியை மொழிபெயர்ப்போடு வைக்கலாம். அம்மாவிடம் கேட்டால் எடுத்துத் தருவார். இலக்கங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.